கீலின் கணக்கு: ஹெலிகாப்டர் இறக்கையும் நூறாண்டு அதிர்வும்

ஹெலிகாப்டரின் வரலாறு பெரும்பாலும் ‘எழும்பியது’ என்னும் ஒற்றைச் சொல்லைச் சுற்றியே எழுதப்பட்டு வருகிறது. முதலில் தரையை விட்டு எழுந்தது எது, எவ்வளவு உயரம், எவ்வளவு நேரம் என்பவையே அதன் மைல்கற்கள். எழும்பிய ஊர்தி எவ்வாறு நடுங்கியது, அந்த நடுக்கத்தை எவர் தாங்கினர், அதை எங்கே கொண்டுபோய் வைத்தனர் என்னும் கேள்விகள் பொறியியல் அறிக்கைகளின் பின்னிணைப்புகளிலேயே தங்கிவிட்டன. ஆனால் சுழலும் இறக்கைகளின் அதிர்வை அடக்க நடந்த முயற்சிகளைக் கால வரிசையில் அடுக்கிப் பார்த்தால் ஒரு செய்தி தெளிவாகிறது. எந்தத் தலைமுறையும் அதிர்வை ஒழித்துவிடவில்லை. ஒவ்வொரு தலைமுறையும் அதை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு மாற்றியது. மாற்றிய இடத்தில் புதிய சிக்கல் பிறந்தது. அடுத்த தலைமுறையின் வேலை அங்கிருந்து தொடங்கியது.

1. ஒரே சுற்றில் இரு காற்றுகள்

விமானத்தின் முன்னே சுழலும் விசிறி தன் அச்சின் திசையிலேயே முன்னேறுவதால் எல்லாத் திசையிலும் ஏறத்தாழ ஒரே காற்றைச் சந்திக்கிறது. ஹெலிகாப்டரின் சுழலி அப்படியன்று. அது கிடையாகச் சுழன்றுகொண்டே பக்கவாட்டில் நகர்கிறது. ஆதலால் அதன் ஒவ்வோர் இறக்கையும் ஒரு சுற்றில் ஒரு முறை காற்றை எதிர்த்தும் ஒரு முறை காற்றோடு ஒத்தும் செல்கிறது.

இதைக் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். ‘ஹூயி’ என்று பரவலாக அறியப்பட்ட பெல் யூ.எச்.-1 ஹெலிகாப்டரின் சுழலி நிமிடத்திற்கு 324 முறை சுற்றுகிறது. அதன் விட்டம் ஏறத்தாழ 14.6 மீட்டர். எனவே இறக்கை முனையின் வேகம் வினாடிக்குச் சுமார் 248 மீட்டர். ஊர்தி மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது வினாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் பறக்கும்போது, முன்செல்லும் இறக்கையின் முனை 298 மீட்டர் வேகக் காற்றையும் பின்செல்லும் இறக்கையின் முனை 198 மீட்டர் வேகக் காற்றையும் எதிர்கொள்கின்றன. தூக்கு விசை வேகத்தின் இருமடிப் பெருக்கத்தைப் பொறுத்தது என்பதால், சாய்கோணம் மாறாமல் இருக்குமாயின், ஒரு பக்கத்து முனையில் எழும் தூக்கு மறுபக்கத்தைவிட இரு மடங்குக்கும் மேலாகும். இந்த ஏற்றத்தாழ்வு வினாடிக்கு ஐந்து முறைக்கு மேல் ஒவ்வோர் இறக்கையையும் அடிக்கிறது. அதிர்வுக்கு வேறு தனிக் காரணம் வேண்டியதில்லை. பறத்தலே காரணம்.

2. சியர்வா இறக்கைக்கு அளித்த விடுதலை

ஸ்பெயின் நாட்டுப் பொறியாளர் ஹுவான் தெ லா சியர்வாவின் முதல் மூன்று ஊர்திகளும் இந்த ஏற்றத்தாழ்வினாலேயே தோற்றன. அவர் வடிவமைத்த ஆட்டோஜைரோவில் சுழலியை எந்திரம் சுழற்றுவதில்லை. ஊர்தி முன்செல்லும்போது காற்றே அதைச் சுழற்றும். குடத்தோடு இறுகப் பிணைத்த இறக்கைகள் ஒரு பக்கம் மிகுதியாகவும் மறுபக்கம் குறைவாகவும் தூக்க, ஊர்தி கவிழ்ந்தது. ஆயினும் அவர் செய்த சிறு மாதிரி மட்டும் சீராகப் பறந்தது. அதன் இறக்கைகள் பிரம்பினால் ஆனவை, வளைந்து கொடுத்தன. பெரிய ஊர்தியின் விறைத்த இறக்கைகள் வளையவில்லை.

அந்த வேறுபாட்டிலிருந்து சியர்வா பெற்ற விடை கீல். கதவு கீலில் அசைவதுபோல, இறக்கை குடத்தில் மேலும் கீழும் அசையட்டும் என்று அவர் விட்டுவிட்டார். முன்செல்லும் இறக்கை மேலெழும், எழும்போது அதன் தாக்குகோணம் குறையும், தூக்கும் குறையும். பின்செல்லும் இறக்கை கீழிறங்கும், கோணம் கூடும். மையவிலக்கு விசை இறக்கையை வெளிநோக்கி இழுத்துப் பிடித்திருப்பதால் அது மடிந்து விழுவதில்லை. கீல் என்னும் எண்ணத்தைப் பிரான்சு நாட்டில் ரெனாரும் பிரெகேயும் முன்னரே முன்வைத்திருந்தனர். ஆனால் வெற்றிகரமாகப் பறந்த ஊர்தியில் அதைப் பொருத்தியவர் சியர்வா. 1923 ஜனவரியில் மத்ரீத் அருகே கெதாஃபேயில் அவருடைய சி.4 ஊர்தி பறந்தது. 1928 செப்டம்பர் 18 அன்று சி.8 வகை ஊர்தியில் அவரே ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார்.

இந்த இரண்டு தேதிகளுக்கும் இடையே நடந்த ஒரு விபத்தே அதிர்வு வரலாற்றில் அதிகம் பேசப்பட வேண்டியது. மேலும் கீழும் அசையும் இறக்கையின் எடைமையம் சுழல் அச்சுக்குச் சற்றே அருகிலும் சற்றே தொலைவிலும் மாறி மாறிச் செல்கிறது. சுழன்றாடும் நடனக்காரர் கைகளைச் சுருக்கினால் வேகம் கூடுவதும் விரித்தால் குறைவதும் போன்ற நிலை இது. மேலெழும் இறக்கை முன்னோக்கி ஓட முயல்கிறது. இறங்கும் இறக்கை பின்தங்க முயல்கிறது. இந்தக் கோரியாலிஸ் விசைக்கு வழிவிட அந்நாளைய கீலில் இடமில்லை. ஆதலால் இறக்கையின் அடிப்பகுதி ஒவ்வொரு சுற்றிலும் முன்னும் பின்னுமாக வளைக்கப்பட்டது. 1927 பிப்ரவரியில் இங்கிலாந்தின் ஹாம்பிளில், விமானி பிராங்க் கோர்ட்னி ஓட்டிய சி.6 வகை ஊர்தி இறக்கை முறிந்து விழுந்தது. அவர் உயிர் தப்பினார். அதன் பின்னர் இறக்கைக்கு இரண்டாவது கீலும் அளிக்கப்பட்டது. முன்பின் அசைவதற்கான கீல் அது.

3. தரையில் காத்திருந்த ஆபத்து

இரண்டாவது கீல் இறக்கையின் முறிவைத் தடுத்தது. ஆனால் வேறொரு வாசலைத் திறந்துவிட்டது. முன்பின் அசையும் உரிமை பெற்ற இறக்கைகள் எப்போதும் சம இடைவெளியில் நிற்பதில்லை. மூன்று இறக்கைகளில் இரண்டு சற்றே நெருங்கிவிட்டால், அவற்றின் கூட்டு எடைமையம் அச்சிலிருந்து விலகிச் சுழல்கிறது. சக்கரங்களின் மீது நிற்கும் ஊர்தியோ தன் டயர்களின் மீள்தன்மையால் பக்கவாட்டில் ஆடக்கூடியது; அதற்கென ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு. இவ்விரண்டும் ஒத்துப்போகும் சுழல்வேகத்தில் ஊர்தியின் ஆட்டம் இறக்கைகளைக் கலைக்கிறது. கலைந்த இறக்கைகள் ஊர்தியை மேலும் ஆட்டுகின்றன. இந்த ஆட்டத்துக்கான ஆற்றலைச் சுழலியே தருகிறது. சில வினாடிகளில் ஊர்தி நின்ற இடத்திலேயே தன்னைத் தானே உடைத்துக்கொள்ளக்கூடும். இதைத் தரை ஒத்ததிர்வு என்பர்.

முதலில் இதைப் பலரும் இறக்கைகளின் எடைச் சமனின்மை என்றே எண்ணினர். அமெரிக்க வானூர்தி ஆலோசனைக் குழுவான நாக்காவின் லாங்லி ஆய்வகத்தில் ராபர்ட் கோல்மன் 1943-இல் எழுதிய கோட்பாடு அவ்வெண்ணத்தை மாற்றியது. குறையே இல்லாத, எடை முற்றும் ஒத்த இறக்கைகளிலும் இவ்வதிர்வு தானே தோன்றி வளரும் என்று அவர் காட்டினார். கோல்மனும் ஃபைன்கோல்டும் விரித்தெழுதிய வடிவம் 1958-இல் நாக்கா அறிக்கை 1351 ஆக வந்தது. சுழலியியல் மாணவர் இன்றும் அதிலிருந்தே தொடங்குகிறார்.

அந்த ஆய்வுகள் காட்டிய தீர்வில் ஒரு நுட்பம் உண்டு. இறக்கையின் கீலிலும் தணிப்பான் வேண்டும். தரையிறங்கு காலிலும் தணிப்பான் வேண்டும். இரண்டின் பெருக்கற்பலனே காப்பு, கூட்டுத்தொகை அன்று. ஒன்று பூச்சியமாகிவிட்டால் மற்றொன்று எவ்வளவு வலிதாயினும் பயனில்லை. பழுதடைந்த ஒரு தணிப்பானோ காற்றிறங்கிய ஒரு டயரோ முழு ஊர்தியையும் பலிகொள்ளக்கூடும் என்பதன் கணித விளக்கம் இதுவே. சுழல்வேகம் போதுமான அளவில் இருந்தால் உடனே தரையை விட்டு எழும்பிவிட வேண்டும் என்று விமானிகளுக்குக் கற்பிக்கப்படுவதும் இதனால்தான். தரையே இல்லையெனில் தரை ஒத்ததிர்வும் இல்லை.

4. குடம் ஒரு சல்லடை

தரையில் ஆபத்து நீங்கினாலும் வானில் நடுக்கம் நீங்கவில்லை. இங்கே இயற்பியல் ஓர் உதவி செய்கிறது. ஒரே வகையான பல இறக்கைகளின் விசைகள் குடத்தில் கூடும்போது பெரும்பாலானவை ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. நான்கு இறக்கைகள் உள்ள சுழலியில் சுற்றுக்கு 4, 8, 12 முறை வரும் அதிர்வுகள் மட்டுமே உடற்பகுதிக்குள் செல்கின்றன. இறக்கையில் சுற்றுக்கு 3 முறையும் 5 முறையும் நிகழும் முன்பின் அதிர்வுகள்கூட, சுழலாத உடற்பகுதியில் 4 முறை அதிர்வாகவே உணரப்படும்.

ஆனால் இந்தச் சல்லடை, இறக்கைகள் எல்லாம் ஒத்தவையாக இருந்தால் மட்டுமே வேலை செய்யும். ஓர் இறக்கை சற்றே எடை கூடினாலும், சற்றே உயரத்தில் பறந்தாலும், சுற்றுக்கு ஒரு முறை வரும் அதிர்வு அப்படியே உள்ளே நுழைகிறது. மரத்தாலான பழைய இறக்கைகள் ஈரம் உறிஞ்சி எடை மாறியதால் இச்சிக்கல் அன்றாடச் சிக்கலாக இருந்தது. அதைத் தீர்த்தவர்கள் பராமரிப்புப் பணியாளர்கள். இறக்கை முனைகளில் வெவ்வேறு வண்ணம் தடவி, கம்பத்தில் இழுத்துக் கட்டிய துணியைச் சுழலும் முனைகளின் அருகே மெல்லக் கொண்டுசெல்வர். துணியில் பதிந்த வண்ணக் கோடுகளின் உயர வேறுபாட்டைக் கண்டு, எந்த இறக்கை உயர்ந்து பறக்கிறதென அறிந்து திருத்துவர். பின்னாளில் ஒளிமின்னல் விளக்குகளும் முடுக்கமானிகளும் வந்து இந்தப் பணியை ஏற்றன. அதுவரை, சுழலும் இறக்கைக்கு ஒரு கம்பத்தின் தொலைவில் நின்ற மனிதரே அதிர்வைக் குறைக்கும் கருவி.

இதன் பயன் விமானியின் முதுகெலும்பில் தெரியும். அமர்ந்திருக்கும் மனித உடல் மேல்கீழ் அதிர்வுகளுள் 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரையிலானவற்றுக்கே மிகவும் இளகியது. ஹூயி சுழலியின் சுற்றுக்கு ஒரு முறை அதிர்வு 5.4 ஹெர்ட்ஸ், இந்த எல்லையின் நடுவே விழுகிறது. ஹெலிகாப்டர் விமானிகளிடையே முதுகுவலி பரவலாகக் காணப்படுவதை மருத்துவ ஆய்வுகள் பல பத்தாண்டுகளாகப் பதிவு செய்து வருகின்றன. உட்காரும் முறையும் அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது, அதிர்வும் சொல்லப்படுகிறது.

5. கடன் வாங்கிய ஊசல்

உடற்பகுதிக்குள் நுழையும் அதிர்வை வாசலிலேயே நிறுத்தும் எண்ணம் கப்பலிலிருந்தும் எந்திரத்திலிருந்தும் வந்தது. ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் பிராம் 1909-இல் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அதிரும் பொருளோடு ஒரு சிறு எடையை வில்லால் இணைத்து, அதன் இயல்பு அதிர்வெண்ணைத் தொல்லை தரும் அதிர்வெண்ணோடு ஒத்திசைத்தால், சிறு எடை ஆடும், பெரும்பொருள் அடங்கும். ஓர்மன்ட்ராய்டும் டென் ஹார்டாகும் 1928-இல் இதற்குக் கோட்பாடு வகுத்தனர். இதில் ஒரு குறை: வில்லின் ஒத்திசைவு ஒரே வேகத்துக்குத்தான் பொருந்தும்.

சுழலும் பொருளின் மீது வில்லுக்குப் பதில் ஊசலைப் பொருத்தினால் அக்குறை மறைகிறது. அங்கே ஊசலை இழுப்பது புவியீர்ப்பு அன்று, மையவிலக்கு விசை. வேகம் கூடினால் அவ்விசையும் கூடும். ஊசலின் அதிர்வெண்ணும் அதே விகிதத்தில் கூடும். சுற்றுக்கு இத்தனை முறை என்ற கணக்கு எவ்வேகத்திலும் மாறுவதில்லை. 1930களின் நடுவில் அமெரிக்காவில் டெய்லரும் சில்டனும் ரைட் சைக்ளோன் விமான எந்திரத்தில் இதைப் பயன்படுத்தினர். பிரான்சில் சராசின் தனியே இதே வழியைக் கண்டார். ஒன்பது உருளைகள் கொண்ட அந்த எந்திரத்தில் சுற்றுக்கு நாலரை முறை வெடிப்பு நிகழ்ந்து, அதன் முறுக்கதிர்வு விசிறித் தண்டையே முறித்துக்கொண்டிருந்தது. சுற்றுக்கு n முறை அதிர்வை அடக்க, ஊசல் தொங்கும் புள்ளி அச்சிலிருந்து இருக்கும் தொலைவு ஊசலின் நீளத்தைப்போல் n-இன் இருமடிப் பெருக்கமாக இருக்க வேண்டும். நாலரைக்கு அது இருபது மடங்கு. அத்தனை குறுகிய ஊசலை நூலில் கட்டித் தொங்கவிட இயலாது. எடையில் இரண்டு துளைகள் இட்டு, அவற்றைவிடச் சிறிய இரண்டு முளைகளின் மீது உருளவிட்டனர். துளைக்கும் முளைக்கும் உள்ள விட்ட வேறுபாடே ஊசலின் நீளமாயிற்று.

1960களில் சிகோர்ஸ்கி நிறுவனப் பொறியாளர்கள் இந்த இருமுளை ஊசலை ஹெலிகாப்டர் குடத்தின் மீதே ஏற்றினர். நான்கு இறக்கைகள் உள்ள பிளாக் ஹாக் ஹெலிகாப்டரின் குடத்தின் மேலே கைகளை நீட்டியதுபோல் அமைந்திருப்பது சுற்றுக்கு 3 முறை அதிர்வுக்கான ஊசல். எடுத்துக்காட்டாக, தொங்கும் புள்ளி 45 சென்டிமீட்டர் தொலைவில் இருப்பின் ஊசலின் நீளம் 5 சென்டிமீட்டர் போதும். மின்சாரமோ கணினியோ வேண்டியதில்லை. ஆனால் அந்த எடை எதையும் தூக்குவதில்லை; எதையும் ஏற்றிச் செல்வதுமில்லை. அதிர்வு இப்போது எடையாக மாறியிருக்கிறது. அதைச் சுமக்கப் பயணிகளையோ எரிபொருளையோ குறைத்தாக வேண்டும்.

6. கீலை அகற்றியவர்கள்

மூன்றாவது பாதை கீலையே கேள்விக்கு உட்படுத்தியது. கீல், தாங்குருளை, தணிப்பான் எல்லாம் தேய்வன. ஓயாத பராமரிப்பைக் கேட்பன. இறக்கையின் அடிப்பகுதியே வளைந்து கொடுத்தால் கீல் எதற்கு? சியர்வாவின் பிரம்பு மாதிரி எழுப்பிய கேள்வியும் இதுதான். உலோகத்தில் அதற்கு விடை எளிதில் கிடைக்கவில்லை; கோடிக்கணக்கான வளைவுகளை உலோகம் களைப்பின்றித் தாங்காது. கண்ணாடியிழைக் கலப்புப் பொருள் தாங்கியது. 1967 பிப்ரவரியில் பறந்த ஜெர்மனியின் போ 105 ஹெலிகாப்டர், டைட்டானியக் குடத்தில் கண்ணாடியிழை இறக்கைகளைக் கீலின்றிப் பொருத்தியிருந்தது.

கீலற்ற சுழலி விமானியின் கட்டளைக்கு உடனடியாகப் பணிகிறது. ஆனால் இறக்கையின் வளைவு விசையை முழுமையாக உடற்பகுதிக்குக் கடத்துகிறது. இதன் இருண்ட பக்கத்தை அமெரிக்காவின் லாக்ஹீட் செயன் திட்டம் கண்டது. 1969 மார்ச் 12 அன்று, இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வரும் ஒரு வகைத் துள்ளல் அளவுமீறி வளர்ந்து, சுழலி தன் ஊர்தியின் உடலையே வெட்டியது. சோதனை விமானி உயிரிழந்தார். அதே ஆண்டு செப்டம்பரில், காரணத்தை ஆராய ஏம்ஸ் ஆய்வகத்தின் காற்றுச்சுரங்கத்தில் நிறுத்திய மற்றோர் ஊர்தியும் அழிந்தது.

இந்தியாவின் துருவ் ஹெலிகாப்டர் இந்த மரபில் வருவது. இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் 1984-இல் ஜெர்மனியின் எம்.பி.பி. நிறுவனத்தோடு வடிவமைப்பு ஒத்துழைப்பு ஒப்பந்தம் செய்தது; போ 105-ஐ உருவாக்கிய மரபு எம்.பி.பி.யுடையது. துருவ் 1992 ஆகஸ்ட் 20 அன்று பெங்களூருவில் முதன்முறை பறந்தது. நான்கு கலப்புப் பொருள் இறக்கைகள், கீலற்ற குடம். சியாச்சின் போன்ற உயர்மலைப் பகுதிகளில் சட்டெனப் பணியும் ஊர்தியின் தேவை இந்தியாவுக்கு இருந்தது. ‘சாரங்’ குழுவின் வான்சாகசங்களில் தெரிவதும் அதே பணிவுதான். அதற்கு ஈடாக வரும் அதிர்வைச் சமாளிக்க, பற்சக்கரப் பெட்டிக்கும் உடற்பகுதிக்கும் இடையே ‘ஏரிஸ்’ எனப்படும் எதிர் ஒத்ததிர்வுத் தடுப்பமைப்பு வைக்கப்பட்டது. வில்லும் நெம்புகோலில் பொருத்திய எடையும் சேர்ந்தது அது. குறிப்பிட்ட ஓர் அதிர்வெண்ணில் வில்லின் விசையும் எடையின் நிலைம விசையும் எதிரெதிராகி ஒன்றையொன்று அழிக்கின்றன. உடற்பகுதிக்கு மிச்சம் குறைவு. ஊசலைப்போல் இது வேகத்தைத் தொடர்ந்து செல்வதில்லை. ஹெலிகாப்டர் தன் சுழல்வேகத்தை ஏறத்தாழ மாறாமல் வைத்திருப்பதால் இது பொருந்துகிறது.

7. அதிர்வுக்கு எதிராக அதிர்வு

1982-இல் ஹியூஸ் நிறுவனமும் நாசாவும் அமெரிக்கத் தரைப்படையும் சேர்ந்து ஓ.எச்.-6 ஹெலிகாப்டரில் வேறொரு வழியைச் சோதித்தன. கணினியின் கணக்குப்படி இறக்கைகளின் கோணத்தை மிகச் சிறிய அளவில், உயர் அதிர்வெண்ணில் ஆட்டி, அதிர்வைப் பிறக்குமிடத்திலேயே குறைத்தனர். பறப்பில் அது வேலை செய்தது. ஆயினும் உற்பத்தி ஊர்திகளுக்கு முதலில் சென்றது அவ்வழியன்று. பிரிட்டனின் வெஸ்ட்லேண்ட் நிறுவனம் 1980களில் சோதித்து, பின்னர் ஈ.எச்.101 ஹெலிகாப்டரில் பொருத்திய முறை சுழலியைத் தொடவேயில்லை. உடற்பகுதிக்குள் எதிர்விசையைச் செலுத்தி அங்கேயே அதிர்வை அடக்கியது. சுழலியைத் தொடும் கருவி பழுதானால் பறப்பே கெடும்; உடற்பகுதிக் கருவி பழுதானால் நடுக்கம் மட்டுமே திரும்பும். தேர்வை விளக்க இந்த வேறுபாடே போதுமானது.

2005-இல் பி.கே.117 ஹெலிகாப்டர், இறக்கையின் பின்விளிம்பில் அழுத்தமின் பொருளால் இயங்கும் மடிப்புகளோடு பறந்தது. 2008-இல் போயிங் உருவாக்கிய அத்தகைய சுழலி ஏம்ஸ் காற்றுச்சுரங்கத்தில் முழு அளவில் சோதிக்கப்பட்டது. மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் இந்தர்ஜித் சோப்ராவின் ஆய்வுக்குழு இத்துறைக்கு நெடுங்காலம் பங்களித்தது. அங்கே பயின்று பின்னர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பணியாற்றிய ரஞ்சன் கங்குலியின் ஆய்வுகள், இறக்கையின் எடையையும் விறைப்பையும் வடிவமைக்கும்போதே அதிர்வு குறையுமாறு பங்கிடும் வழியை ஆராய்ந்தன. முன்னது பறக்கும்போது திருத்துகிறது. பின்னது பிறக்கும்போதே திருத்த முயல்கிறது.

இவ்வரலாற்றைப் படிக்கும் மாணவருக்கு ஒரு வேண்டுகோள் பொருந்தும். ஒரு கண்டுபிடிப்பு ‘சிக்கலைத் தீர்த்தது’ என்று எழுதும் முன், சிக்கல் எங்கே சென்றது என்று கேட்க வேண்டும். சியர்வாவின் கீல் கவிழ்தலை இறக்கையின் அடிப்பகுதிக்கு அனுப்பியது. இரண்டாவது கீல் அதைத் தரைக்கு அனுப்பியது. ஊசல் அதை எடையாக்கியது. கீலற்ற குடம் அதைப் பற்சக்கரப் பெட்டியின் வாசலுக்கு அனுப்பியது. கணினி அதை மின்திறனாகவும் நம்பகத்தன்மைக் கேள்வியாகவும் மாற்றியிருக்கிறது. எந்த வழியிலும் அடங்காத மிச்சம் இருக்கையின் வழியே விமானியைச் சேர்கிறது. அந்த மிச்சத்தின் கணக்கு காப்புரிமைகளில் இராது. பராமரிப்புக் குறிப்பேடுகளிலும் விமானிகளின் மருத்துவ ஏடுகளிலும் இருக்கும். சுழலியின் முழு வரலாற்றை எழுத விரும்புவோர் அவற்றையும் புரட்டியாக வேண்டும்.